கூப்பிட ஒரு பெயர், கேட்க ஒரு பெயர்

வித்யா பிறந்தபோது, கீரப்பாளையத்தில் யாருக்கும் இல்லாத பெயராக வைக்க வேண்டும் என்று அவளுடைய அப்பா வைத்திலிங்கம் நாள்கணக்கில் யோசித்தார். நாற்று நடவைக்கூட அவர் அவ்வளவு யோசித்துச் செய்ததில்லை என்று அம்மா அமிர்தம் இன்றைக்கும் சொல்வாள். யோசித்து யோசித்து அவர் கண்டுபிடித்த பெயரைத்தான் அந்த வருஷம் தமிழ்நாட்டில் பாதி அப்பாக்கள் கண்டுபிடித்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் நாளே அவள் வகுப்பில் மூன்று வித்யாக்கள் இருந்தார்கள். சிதம்பரத்தில் கல்லூரிக்குப் போனால் அங்கேயும் அதே கதை. ஒருத்தி கண்ணாடி வித்யா, ஒருத்தி சைக்கிள் வித்யா, இவள் கீரப்பாளையம் வித்யா. வெறுமனே வித்யா என்று யாராவது கூப்பிட்டால், நம்மை இல்லை என்று பேசாமல் உட்கார்ந்திருக்கப் பழகிவிட்டாள்.

அப்படி வளர்ந்தவளுக்குப் பெயர் வைப்பதே வேலையாக அமைந்ததை விதி என்று சொல்வதா, நக்கல் என்று சொல்வதா என்று தெரியவில்லை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் சின்ன மென்பொருள் கம்பெனி. மணிவண்ணன் என்பவர் நடத்துகிறார். கீழே எவர்சில்வர் குடத்தை யாராவது தட்டிப் பார்த்து வாங்கினால் மேலே பேசுகிற பேச்சு காதில் விழாது. வயல்களில் இருக்கும் தண்ணீர் மோட்டாரையும், இறால் குட்டைகளில் இருக்கும் ஏரேட்டரையும் போன் வழியாக ஓட்டுகிற மென்பொருள்தான் அவர்களுடைய பிழைப்பு. ஏரேட்டர் என்பது தண்ணீரை அடித்து நுரைக்கவைத்து இறாலுக்கு மூச்சுக் கொடுக்கிற துடுப்புச் சக்கரம். அது நின்றால் சில மணி நேரத்தில் இறால் மேலே வந்து வாயைப் பிளக்கும். அதற்குப் பிறகு கூடையில் அள்ளிக் குழியில் கொட்ட வேண்டியதுதான்.

வெளியே ஓடுகிற ஒவ்வொரு சக்கரத்துக்கும் கம்ப்யூட்டருக்கு உள்ளே ஒரு நிழல் உண்டு. விர்ச்சுவல் டிவைஸ் என்று மணிவண்ணன் சொல்வார். வெளியே ஓடினால் உள்ளே ஓடும். உள்ளே ஓடச்சொன்னால் வெளியே ஓடும். அந்த நிழல்களுக்கெல்லாம் ஒன்றுக்கு ஒன்று இடிக்காத பெயர் வேண்டும். அதை வைப்பவள் வித்யா. அலுவலகத்துக்குத் தபால் கொண்டுவருகிறவர்கூட 'பேர் வைக்கிற அம்மா இருக்காங்களா' என்றுதான் கேட்பார்.

பெயர்தானே, எதையாவது வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். குட்டைக்கரையில் நிற்கிறவர்களுக்குக் கை எப்போதும் ஈரம், பொத்தானை அழுத்த முடியாது. அதனால் பொத்தானே இல்லாமல், போனில் வாயால் சொன்னாலே சக்கரம் ஓட வேண்டும் என்று மணிவண்ணன் முடிவு செய்திருந்தார். முதலில் வெறும் எண் வைத்தார்கள். ஒன்று, இரண்டு என்று சொன்னால் போதும். நன்றாகத்தான் இருந்தது, குட்டைக்கரையில் ஒருவர் போனை எடுத்தபோது பக்கத்தில் நின்றவர் 'என்னா போனு?' என்று கேட்கும்வரை. இவர் 'ஒண்ணுமில்ல' என்றார். மெஷினுக்கு 'ஒண்ணு' மட்டும் கேட்டது. சக்கரம் ஓட ஆரம்பித்துவிட்டது. நம் ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுமில்லை என்று சொல்கிறோம் என்பது வித்யாவுக்கு அந்த மாதம்தான் புரிந்தது.

அடுத்தது அவளுடைய சொந்த யோசனை. கடலோரக் கிள்ளைப் பக்கத்துக் குட்டைகளுக்கெல்லாம் மீன் பெயர், கீரப்பாளையம் பக்கத்து மோட்டார்களுக்கெல்லாம் மரம் செடிப் பெயர். கேட்கவே அழகாக இருக்கிறது என்று மணிவண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார். கிள்ளையில் ஒருத்தர் 'வாளை' என்று சொல்ல, கீரப்பாளையத்தில் 'வாழை' ஓடி, அறுப்புக்குக் காய்ந்துகொண்டிருந்த வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. எழுத்தில் எழுதினால் வேறு வேறு. வாயில் வந்தால் இரண்டும் ஒன்றுதான். அந்த வயல்காரர் போனில் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

மூன்றாவதாக வைத்ததுதான் நின்றது. உரிமையாளர் பெயர், ஊர், எண். நடனசபாபதி கிள்ளை ஒன்று. நடனசபாபதி கிள்ளை இரண்டு. சிதம்பரத்துப் பக்கம் நடனசபாபதிக்குப் பஞ்சமில்லை என்பதால்தான் ஊரைச் சேர்த்தாள். கீரப்பாளையம் வித்யாவுக்கு வேறு எப்படித் தோன்றும்? தன் பெயரைச் சொன்னால் தன் சக்கரம் ஓடுகிறது என்பதில் ஆண்களுக்கு ஏகப்பட்ட பெருமை. கூலிக்கு ஆள் வைத்துப் பேசவைக்கக் காசில்லாததால், மெஷின் பேசுகிற வாக்கியங்களையெல்லாம் வித்யாவே பேசிப் பதிவு செய்தாள். 'நடனசபாபதி கிள்ளை ஒன்று ஓடுகிறது.' 'நடனசபாபதி கிள்ளை ஒன்று நின்றுவிட்டது. ஓட்டுவதற்குப் பெயரைச் சொல்லவும்.' அவளுக்கு நல்ல கணீரென்ற குரல். கணவன் கார்த்திகேசன் சிப்காட்டில் ஷிப்ட் முடித்துவந்து தூங்கும்போது, மெதுவாப் பேசு கண்ணு என்று கெஞ்சுகிற அளவுக்குக் கணீர்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் செல்லாயியின் போன் வந்தது. கிள்ளையில் இரண்டு குட்டை வைத்திருக்கும் நடனசபாபதியின் மனைவி. நாற்பதைத் தாண்டிய பொம்பிளை. நடனசபாபதி முன்பு கடலுக்குப் போனவர், பிறகு இறாலுக்கு மாறியவர்.

"உங்க மெஷின கழட்டிகிட்டுப் போயிடுங்க" என்றாள் செல்லாயி, எடுத்த எடுப்பில். "அது எங்க ஊட்டுக்காரரச் சாவடிக்குது."

அழுகையும் கோபமுமாக அவள் சொன்னதை வித்யா கோத்துப் பார்த்ததில் நடந்தது இதுதான். போன வாரம் நடனசபாபதி குட்டைக்கரையிலேயே விழுந்துவிட்டார். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கண்ணைத் திறக்கிறார், மூடுகிறார்; பேச்சு இல்லை, யார் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. நேற்று அவரை ஸ்கேன் எடுக்க உள்ளே தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். செல்லாயி வெளியே நின்றிருக்கிறாள். அப்போது போன் அடித்திருக்கிறது. எடுத்தால் ஒரு பெண்குரல், கணீரென்று: நடனசபாபதி நின்றுவிட்டது.

'கிள்ளை'யும் காதில் விழவில்லை, 'ஒன்று'ம் காதில் விழவில்லை. செல்லாயி ஸ்கேன் அறைக் கதவைப் போட்டு இடித்திருக்கிறாள். அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று காட்டி அவளை உட்கார வைப்பதற்கே நேரமாகிவிட்டது. பிறகுதான் போன் ஞாபகம் வந்து எடுத்தாள். பெயரைச் சொல்லவும் என்றது மெஷின். அவளால் சொல்ல முடியவில்லை. கடைசியில் ஒரு நர்ஸ் கையில் போனைக் கொடுத்து, நீ சொல்லும்மா என்றாள். நர்ஸ் சொன்னாள், சக்கரம் ஓடியது. அதற்குள் முதல் குட்டையில் ஒரு ஓரத்து இறாலெல்லாம் போய்விட்டது.

"ஏன்கா, நீங்களே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டுவிட்டாள் வித்யா.

"எப்டி சொல்றது" என்றாள் செல்லாயி. போனை வைத்துவிட்டாள்.

வித்யாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழைய பதிவுகளைக் கேட்க உட்கார்ந்தாள். 'ஒலி தெளிவில்லை' என்று அவளே ஒதுக்கிவைத்திருந்த அழைப்புகள் நிறைய இருந்தன. காற்று இரைச்சல் என்று நினைத்து ஒன்றைக்கூட முழுசாகக் கேட்டதில்லை. கேட்டால், காற்றாவது இரைச்சலாவது. எல்லாம் பெண்கள். புருஷன்மார் கடலிலோ வெளியூரிலோ இருக்க, குட்டையைப் பார்த்துக்கொள்கிற பெண்கள். பெயரைச் சொல்லவும் என்று மெஷின் கேட்கும். வளையல் சத்தம் கேட்கும். ஒரு இருமல் கேட்கும். அப்புறம் சின்னக் குரலில், 'அதான், எங்க ஊட்டுக்காரரு.' இன்னொருத்தி, 'எங்க பெரிய பொண்ணோட அப்பா.' இன்னொருத்தி, 'மயிலு மேல ஒக்காந்திருக்காரில்ல சாமி, அவரு பேரு.' செல்லாயியும் இருந்தாள். 'சிதம்பரத்துல ஒத்தக்கால்ல ஆடுறாரே, அவரு பேருதான்மா, ஓட்டி உடும்மா.' ஒவ்வொருத்திக்கும் வித்யாவின் கணீர்க்குரல் ஒரே பதிலைச் சொன்னது: மன்னிக்கவும், புரியவில்லை. பெயரை மீண்டும் சொல்லவும்.

புரியாமல் என்ன? தெருவில் போகிற எந்தக் குழந்தைக்கும் புரியும். வித்யாவுக்கு அழுகை வந்தது. மாமியார் வீட்டுக்குப் போனால் அவளே கார்த்தியை 'என்னங்க' என்றுதான் கூப்பிடுகிறாள். அதை அலுவலகத்துக்கு வரும்போது வாசலிலேயே செருப்போடு கழற்றி விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

மணிவண்ணனைக் கூப்பிட்டு இரண்டு பதிவைப் போட்டுக் காட்டினாள்.

"இந்தக் காலத்துலயுமா?" என்றார் அவர்.

"உங்க மிஸ்ஸஸ் உங்கள எப்டி சார் கூப்புடுவாங்க?"

மணிவண்ணன் யோசித்தார். "கூப்புடவே மாட்டா. பக்கத்துல வந்து நிப்பா" என்றார். பிறகு, "சரி, பழையபடி எண்ணுக்கே போயிடுவமா?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார்" என்றாள் வித்யா. அவருக்கு ஞாபகம் வந்து சிரித்துவிட்டார். ஆனால் வித்யா சிரிக்கவில்லை. செல்லாயி ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டுமென்றால் மெஷின் அவள் பேச்சைக் கேட்க வேண்டும். மெஷின் கேட்கவில்லையென்றால் அவள் கிள்ளையில் குட்டைக்கரையில் நிற்க வேண்டும். காலையில் அவளுடைய தம்பி அன்பரசு வந்து தீனி போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுகிறானாம். நாள் முழுக்க நிற்க வேறு ஆள் கிடையாது. மழை மூட்டத்தில் எப்போது வேண்டுமானாலும் குட்டையில் காற்று குறையலாம். ஒன்று புருஷனை விட வேண்டும், இல்லையென்றால் வருஷத்துப் பிழைப்பை விட வேண்டும். அந்த நிலைக்கு அவளைத் தள்ளியது தான் வைத்த ஒரு பெயர் என்பதை வித்யாவால் தாங்க முடியவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டுச் சிதம்பரம் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் செல்லாயியைத் தேட வேண்டியிருக்கவில்லை. வித்யா ஒரு நர்ஸிடம் 'நடனசபாபதி, கிள்ளை' என்று கேட்டதும், பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து அவள் முகத்தையே பார்த்தாள்.

"நீதானா அது" என்றாள். "இந்தக் கொரல எங்க கேட்டாலும் தெரியும் எனக்கு."

திட்டப்போகிறாள் என்று வித்யா தலையைக் குனிந்துகொண்டாள். செல்லாயி திட்டவில்லை. ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். வார்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். நடனசபாபதி ஜன்னலிலிருந்து நாலு கட்டில் தள்ளிப் படுத்திருந்தார். கண் மூடியிருந்தது. கடலில் கறுத்த கை, வெள்ளைப் போர்வைமேல் கழற்றிவைத்த மாதிரி கிடந்தது. நர்ஸ் ஒருத்தி வந்து, "நடனசபாபதி, ஐயா, நடனசபாபதி" என்று கன்னத்தைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. "நீங்க பேரச் சொல்லிக் கூப்புடுங்கம்மா, பழகின கொரலுக்குத் திரும்புவாங்க" என்று செல்லாயியிடம் சொல்லிவிட்டுப் போனாள். செல்லாயி தலையை மட்டும் ஆட்டினாள். அவர் காதருகே குனிந்து, கஞ்சி குடிக்கிறீங்களா என்று முணுமுணுத்தாள்.

வெளியே வந்ததும் வித்யாவுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இப்ப பேரச் சொன்னா என்னக்கா ஆயிடும்?"

"ஒண்ணும் ஆவாது" என்றாள் செல்லாயி. "ஆயுசு கொறையும்னு எங்கம்மா சொல்லும். அதெல்லாம் நான் நம்பறதில்ல. ஆனா பாரு பாப்பா, அவரு பேர ஊரே சொல்லுது. ஏலம் எடுக்கறவன் சொல்றான், பேங்க்ல சொல்றாங்க, இப்ப நர்ஸம்மா சொல்லுது. நான் ஒருத்திதான் சொல்றதில்ல. அதுலதான் அது நான்னு அவருக்குத் தெரியும்."

வித்யா டீ டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றுக்கு ஒன்று இடிக்காத பெயர் என்று இத்தனை வருஷமாக எதைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"அப்ப நீங்க எப்டிக்கா கூப்புடுவீங்க? தூரத்துல இருந்தா?"

செல்லாயிக்கு அந்த நேரத்திலும் வெட்கம் வந்தது. "குட்டைக்கு அந்தக் கரையில நின்னாருன்னா, 'தோ பாருங்க'ம்பேன். திரும்பிடுவாரு. சில நேரம் யாரையோன்னு நெனச்சுகிட்டு, என்னையான்னு கேப்பாரு. 'உங்களத்தான்'ம்பேன். வந்துடுவாரு."

தோ பாருங்க. உங்களத்தான். குட்டையும் இரண்டு.

வித்யாவின் மனசு குதித்தது. குதித்த வேகத்தில் உட்கார்ந்தும் விட்டது. பக்கத்துக் குட்டைக்காரியும் தோ பாருங்க என்றுதானே சொல்வாள்? அரை ஊர்ப் பெண்கள் மாமா என்று சொல்வார்கள். உள்ளே இருக்கும் நிழல்களெல்லாம் மாமாவாகிவிட்டால் எந்த மாமாவை ஓட்டுவது? வாளையும் வாழையும் வயலில் நிறுத்திய தண்ணீர் இன்னும் அவள் கண்ணிலேயே இருந்தது. வராந்தாவில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். அப்புறம் சட்டென்று நிறுத்தினாள். செல்லாயியின் போனிலிருந்து வருகிற தோ பாருங்க செல்லாயியின் குட்டைக்குத்தானே போக வேண்டும்? உலகத்துக்கே ஒரே பெயராக ஏன் இருக்க வேண்டும்? கூப்பிடுகிறவளுக்கு ஒன்றாக இருந்தால் போதாதா? ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாகப் பெயர்ப்பட்டியல் வைத்துவிட்டால், ஊரில் அத்தனை பேரும் மாமா என்று கூப்பிட்டுக்கொள்ளட்டும். அவரவர் மாமா அவரவருக்கு ஓடுவார்.

"அக்கா, இனிமே அந்தப் பேர நீங்க சொல்லவே வேணாம். ரெண்டு குட்டைக்கும் நீங்க கூப்புடற மாதிரியே வச்சுடறேன். அந்தப் பழைய பேர எடுத்துடறேன்."

"அத எடுத்துடாத" என்றாள் செல்லாயி வேகமாக.

வித்யாவுக்குப் புரியவில்லை.

"காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா போன் வருமில்ல, ஓடுதுன்னு சொல்லி? நீ அவரு பேரச் சொல்லுவ. எனக்கு அதக் கேக்கணும்." செல்லாயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் வாயால சொல்றதில்ல. கேக்கறதுக்கு எனக்கு ஆசையில்லையா? இங்க எல்லாரும் அந்தப் பேரச் சொல்லிட்டு உதட்டப் பிதுக்குறாங்க. நீ ஒருத்திதான் நல்லா ஓடுதுன்னு சொல்ற."

வித்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு" என்றாள் செல்லாயி. "அவர அது இதுன்னு சொல்லாத. ஓடுது, நின்னுடுச்சுன்னு. பன்னெண்டு ஆளு வச்சு போட் ஓட்டுனவரு அவரு."

குரலைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. வராந்தாவில் வேண்டாம் என்று ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே, புங்கமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். செல்லாயி போனை வாயருகே வைத்துக்கொண்டு ரகசியம் போலச் சொன்னாள். "அப்டி இல்லக்கா, கரையில நின்னு கூப்புடற மாதிரி" என்றாள் வித்யா. செல்லாயி சுற்றும் முற்றும் பார்த்தாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். "தோ பாருங்க" என்று ஒரு குரல் கொடுத்தாள். டீக்கடையில் நின்றிருந்த ஆண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்டோவில் உட்கார்ந்திருந்த ஒருத்தர் இறங்கியே விட்டார். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த வாரத்தில் இப்பதான் சிரிக்கறேன் என்று செல்லாயி சொன்னாள். இரண்டாம் குட்டைக்கு, உங்களத்தான் என்பதையும் அதே குரலில் சொல்லி முடித்தாள்.

மறுநாள் மணிவண்ணன் பாதி ஒத்துக்கொண்டார். போனுக்குத் தனிப் பட்டியல் என்றதும், இதை மொதல்லயே யோசிச்சிருந்தா அந்த வயல்காரர்கிட்ட வாங்கிக் கட்டியிருக்க வேண்டாமே என்று தலையில் தட்டிக்கொண்டார். உள்ளே நிழலுக்கு எப்போதும் மாறாத ஒரு எண் இருக்கட்டும், அதை மனிதர்கள் யாரும் பார்க்க வேண்டாம். கூப்பிட ஒரு பெயர், கேட்க ஒரு பெயர் வெளியே இருக்கட்டும் என்பதும் சரி. ஆனால் 'ஓடுகிறார்' என்பதில் நின்றுவிட்டார்.

"மெஷினுக்கு எதுக்கு வித்யா மரியாதை? நாளைக்கு மோட்டார் ரிப்பேருன்னா, ஐயா ரிப்பேராயிட்டாருன்னு சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேன் சார். கெட்ட சேதியில பேரே வராது. குட்டைதான் வரும். ஒன்றாம் குட்டையில் காற்று குறைகிறது, உடனே கூப்பிடுங்கள். அவ்ளோதான். நல்ல சேதியில மட்டும் பேரு வரும். அப்ப மரியாதையா வரட்டுமே, நமக்கு என்ன சார் கொறஞ்சுடும்?"

"கரன்ட் செலவு அதேதான்" என்று சொல்லிவிட்டு மணிவண்ணன் தன் இடத்துக்குப் போனார். கீழே கடையில் குடம் தட்டுகிற சத்தம் ஓய்கிற நேரம் பார்த்து, வித்யா எல்லா வாக்கியங்களையும் புதிதாகப் பேசிப் பதிவு செய்தாள். 'நடனசபாபதி கிள்ளை ஒன்று ஓடுகிறார்' என்ற வரியை மட்டும் திரும்பத் திரும்பப் பேசினாள். கேட்கிறவள் எங்கே உட்கார்ந்து கேட்பாள் என்று இப்போது அவளுக்குத் தெரியும். குரலில் கணீரைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.

சில நாள் கழித்துக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று ரேடியோவில் சொன்னார்கள். கடலூரில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. மத்தியானம் வித்யாவின் திரையில் கிள்ளை ஒன்று சிவப்பானது. மின்சாரம் போய் வந்ததில் சக்கரம் நின்றிருந்தது. இரண்டாம் குட்டையிலும் அப்போது சக்கரம் ஓடவில்லை, ஆனால் அங்கே காற்று போதுமான அளவு இருந்தது. மெஷின் செல்லாயியைக் கூப்பிட்டது. வித்யா சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். புதுப் பெயரில் வருகிற முதல் அழைப்புகளைக் கூடவே இருந்து கேட்பதாகச் செல்லாயியிடம் சொல்லித்தான் வந்திருந்தாள்.

"ஒன்றாம் குட்டையில் காற்று குறைகிறது. உடனே கூப்பிடுங்கள்" என்றது அவளுடைய குரலே.

வார்டின் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். "தோ பாருங்க" என்றாள் செல்லாயி, பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்காத மாதிரி.

"மன்னிக்கவும், புரியவில்லை. மீண்டும் கூப்பிடுங்கள்."

மறுபடியும் அதே சின்னக் குரல். மறுபடியும் புரியவில்லை. மெஷின் கற்றுக்கொண்டது புங்கமரத்தடிக் குரலை. வார்டுக்குள் அடக்கிப் பேசுகிற குரல் அதற்குத் தெரியாது. சத்தமாக அக்கா, சத்தமாக என்று வித்யா வாய்க்குள் சொன்னாள். அவள் சொல்வது அங்கே கேட்காது. அலுவலகத்திலிருந்து சக்கரத்தை நிறுத்தத்தான் முடியும், ஓட்டுவது உரிமையாளர் போனிலிருந்து மட்டும்தான். திரையில் சிவப்பு இன்னும் அடர்ந்தது. போன தடவை ஒரு ஓரம்தான் போயிற்று. இந்தத் தடவை குட்டை முழுக்கப் போய்விடும்.

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. செருப்பில்லாத கால் நடந்துபோகிற சத்தம். மழை பக்கத்தில் கேட்டது. ஜன்னலுக்கு வந்துவிட்டாள். நாலு கட்டில் தள்ளி.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிடுவதென்றால் தூரம் வேண்டும். இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து செல்லாயி அவர் காதருகே குனிந்து பேசியிருக்கிறாள், கையைத் தடவியிருக்கிறாள், கூப்பிட்டதில்லை. இப்போதுதான் முதல் தடவையாக, ஜன்னலில் நின்று, கிள்ளைக் குட்டையின் அந்தக் கரைக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"தோ பாருங்க."

வார்டு அமைதியாகிவிட்டது. மெஷின் யோசிக்க எடுத்துக்கொள்ளும் சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில், தூரத்திலிருந்து, நாக்குத் தடித்த, கரகரத்த ஒரு ஆண்குரல் வந்தது.

"எ... என்னா."

"நடனசபாபதி கிள்ளை ஒன்று ஓடுகிறார்" என்றது மெஷின்.

போன் எதன் மேலேயோ விழுந்தது. கால்கள் ஓடின. இருமியவர்கூட இருமலை நிறுத்திவிட்டார். வித்யா ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். தட்டுத்தடுமாறி அந்த ஆண்குரல் மறுபடியும் கேட்டது.

"என்... என்னையா?"

செல்லாயி அழுதுகொண்டிருந்தாள். அழுகையை விழுங்கி, வார்டுக்கே கேட்கிற குரலில் சொன்னாள்.

"உங்களத்தான்."

கீழே விழுந்த போன் அணைந்திருக்கவில்லை. அது அதையும் கேட்டுக்கொண்டது. "நடனசபாபதி கிள்ளை இரண்டு ஓடுகிறார்" என்றது.

"வித்யா" என்று மணிவண்ணன் தன் திரையைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டார். "கிள்ளையில ரெண்டாவதும் ஓடுதே. அங்கதான் காத்து சரியா இருக்கே. தப்பா ஓடுது போலருக்கு, நிறுத்திடட்டுமா?"

வித்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேணாம் சார்" என்றாள். "கூப்ட்டாங்க, ஓடுறாரு. ஓடட்டும்."